வாசலில் நின்ற மேளம்

கந்தப்பளை
08.06.2025

மதிப்புக்குரிய அத்தைக்கு,

நான் ஜெனிதா எழுதுகிறேன். உங்கள் சுமன் கட்டப்போகும் ஜெனிதா. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். மூன்று முறை போன் எடுத்தேன். மூன்று முறையும் "ம்... ம்... சரி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடைசியாக நான் கேட்டது, "மேளத்துக்கு ஏன் சொன்னீங்க?" என்று. அதற்கும் "சரி" என்றீர்கள். சுமனிடம் முறையிட்டால், "அம்மா போன்ல அப்படித்தான். லெட்டர் எழுது, ஒக்காந்து படிக்கும்" என்கிறார். நுவரெலியா டவுனில் ஊர்ப்பட்ட போனையெல்லாம் திருத்துகிறவரின் அம்மாவுக்குப் போன் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். பரிசம் போட்ட அன்று எங்கள் வீட்டில் ஜூட்சன் ஃபாதர் எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்டார். "மாதா கோயிலுக்குள்ள மேளம் வேணாம்மா. தாலி கட்டுறப்ப பிள்ளைங்க பாடுவாங்க. மண்டபத்துல நீங்க எத வேணும்னாலும் வச்சிக்கங்க. சம்மதந்தானே?" நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கே மூச்சு வந்தது.

இப்போது கேள்விப்படுகிறேன், ராகலைக்குப் போய் முத்துலிங்கம் செட்டுக்குச் சொல்லிவிட்டீர்களாம். நாதஸ்வரம், இரண்டு தவில், எல்லாம் கோயிலுக்குள்ளேயே வர வேண்டும் என்று. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கட்டாயம் என்று.

அத்தை, நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இந்தக் கோயிலில் மற்றவர்கள் கல்யாணத்துக்குப் பாடுகிறேன். என் கல்யாணத்துக்கு நானே பாட முடியாது. அதனால் என் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். தாலி கட்டும் நேரத்தில் கோயில் அப்படியே அடங்க வேண்டும், அந்தச் சின்னக் குரல்கள் மட்டும் எழும்ப வேண்டும். நான் எனக்கென்று கேட்பது இது ஒன்றுதான். சேலை நிறத்தைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.

ஒத்துக்கொண்டதை ஏன் மாற்றுகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜெனிதா


உடப்புசல்லாவை
17.06.2025

ஜெனிதா பிள்ளைக்கு பூரணி எழுதுவது.

உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்துதான் வந்தது. உறைக்குப் பின்னால் உன் பெயரைப் பார்த்துவிட்டு, "என்ன பூரணிக்கா, மருமக இப்பவே மனு அனுப்புதா?" என்று எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிற வீரய்யா முகத்துக்கு நேரே வந்து நின்று கேலி செய்தான். இனி பின்னால் பெயர் போடாதே.

உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. கோபத்தில் எழுதியும் வரி கோணவில்லை.

தலையாட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. வீடு நிறைய ஆட்கள். ஒரு சாமியார் சிரித்த முகத்தோடு எதையோ சொல்கிறார். யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் செய்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உங்கள் வீட்டுத் தப்பு.

மேளம் எதற்கு என்று கேட்கிறாய். என் கல்யாணத்துக்கு மேளம் வரவில்லை. ராகலை ரோட்டில் மண் சரிந்து மேளக்காரர்களின் வேன் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நேரம் போகிறது, கட்டு கட்டு என்றார்கள். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சுமனின் அப்பா மூன்றாவது முடிச்சுப் போடும்போது யாரோ தும்மினார்கள். ஒரே ஒரு தும்மல். லயம் முழுக்கக் கேட்டது. சுமனுக்கு நாலு வயதாகும்போது அவர் மீது மரம் விழுந்தது. அன்றைக்குத் தும்மியது யார் என்று இன்று வரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் எல்லார் மூக்கையும் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிட்டேன்.

தாலி ஏறும் நேரத்தில் தும்மல், அழுகை, கெட்ட பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது. அதற்குத்தான் கெட்டிமேளம். காதில் விழாத சத்தத்துக்குத் தோஷம் கிடையாது. உன் பிள்ளைகள் முன்னாலும் பாடட்டும், பின்னாலும் பாடட்டும். அந்த நேரத்தில் மேளம்தான்.

பூரணி


கந்தப்பளை
23.06.2025

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவைப் பற்றி எழுதியதைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. சுமன் இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை.

ஆனால் அத்தை, தும்மல் ஆளைக் கொல்லாது. கொல்லும் என்றால் இந்தக் கந்தப்பளையில் ஒரு தாலியும் மிஞ்சாது. இங்கே மழை பிடித்தால் ஊருக்கே சளியும் தடிமனும்தான். அன்றைக்கும் யாருக்கோ வெறும் தடிமனாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் போய் ஒரு ஆயுளைக் கணக்கு வைக்காதீர்கள்.

ஃபாதர் பிடிவாதக்காரர் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்கள் கோயிலுக்குள்ளேயே சினிமாப் பாட்டை வாசித்து, பின்வரிசையில் விசில் அடித்து, ஒரு ஆட்டமே நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே மேளம் வேண்டாம் என்று கோயில் சபை முடிவெடுத்தது. அந்தச் சபையில் அப்பாவும் இருக்கிறார். தன் மகளுக்கு மட்டும் அதை மாற்றுங்கள் என்று அவர் எப்படிப் போய் நிற்பார்?

எனக்குத் தூக்கம் இல்லை அத்தை. திங்கட்கிழமை ஒரு பாட்டைப் பழக்குகிறேன், புதன்கிழமை அதை மாற்றுகிறேன், வெள்ளிக்கிழமை பழையதே நல்லது என்று தோன்றுகிறது. கீபோர்ட் வாசிக்கிற நிரோஷன், "டீச்சர், நீங்க கல்யாணம் முடிச்சி போனாத்தான் எங்களுக்கு விடிவு" என்கிறான். வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சுமன் போன் எடுத்தால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்கிறார். யார் பேசுகிறார்கள்? தபால்தான் பேசுகிறது.

கோயில் கேட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளம் வரட்டும். முத்துலிங்கம் அண்ணனை நானே போய்ப் பார்க்கிறேன். இதற்கு மேல் நான் எங்கே இறங்குவது?

ஜெனிதா


உடப்புசல்லாவை
02.07.2025

ஜெனிதாவுக்கு,

என் புருஷனைத் தடிமனோடு சேர்த்து எழுதிவிட்டாய். படித்த பிள்ளை.

மேளம் இல்லாமல் தாலி கட்டுவதென்றால் நான் அங்கே வரவில்லை. அம்மா இல்லாமல் கட்டுவதா வேண்டாமா என்று சுமன் யோசித்துக்கொள்ளட்டும்.

பூரணி


கந்தப்பளை
14.07.2025

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். சுமனுக்கும் தெரியாது. தடிமன் என்று எழுதியது தப்பு, அதற்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். தோட்டத்து லீக்சும் கேரட்டும் அம்மா பையில் கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கம் விடாத மழை, ராகலை தாண்டினால் வெயிலும் காற்றும். அந்தக் காற்றிலே மேட்டில் ஏறி வந்தேன்.

நீங்கள் பீலித் தண்ணீரில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் வந்து நின்று "அத்தை" என்றேன். நீங்கள் திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்து இன்னும் கிட்டே வந்து, "அத்தை, நான் ஜெனிதா வந்திருக்கேன்" என்றேன். பக்கத்தில் குடம் வைத்திருந்த இரண்டு பேரும் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை அழுதுகொண்டே கூப்பிட்டேன். நீங்கள் சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தீர்கள்.

பையைப் பீலிக் கட்டின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கந்தப்பளை வரும் வரைக்கும் அழுதேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூப்பிட்ட பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காத வீட்டுக்கு நான் எப்படி வாழ வருவது? கல்யாணத்தைத் தள்ளி வைப்போம் என்று இன்று காலை சுமனிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஜெனிதா


உடப்புசல்லாவை
19.07.2025

மகள் ஜெனிதாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஆபீசில் கொடுக்கவில்லை. டவுனுக்கு நடந்து போய்ப் பெட்டியில் நானே போடப் போகிறேன். சீக்கிரம் வரும்.

நீ வந்தது எனக்குத் தெரியாது. பையைப் பார்த்தபிறகுதான் பீலியில் இருந்தவர்களிடம் கேட்டேன். "அந்தப் பிள்ள கூப்புட்டு கூப்புட்டு அழுதுட்டு போச்சு" என்று ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நான் அங்கேயே குந்திவிட்டேன்.

எனக்குக் காது கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேயிலைப் பெக்டரியில் சல்லடை மெஷின் பக்கத்தில் என் வயதெல்லாம் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது, போன வருஷத்தோடு சுத்தமாகப் போய்விட்டது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பின்னால் நின்றால் ஒன்றும் இல்லை. போனில் சுமனுடைய சத்தம் காதில் ஏதோ வண்டு மாதிரி அதிரும், அவ்வளவுதான். ம் ம் சரி என்று வைத்துவிடுவேன். உங்கள் ஃபாதருக்குத் தாடி. பேசும்போது வாய் தெரியவில்லை. அதனால்தான் தலையாட்டினேன்.

சுமனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவனும் கத்திப் பேசத் தொடங்கிவிடுவான். கத்திப் பேசுகிறவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அன்பாகக் கத்தினாலும் கோபமாகத்தான் இருக்கும். என் பிள்ளையின் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெண் கொடுக்கிறவர்கள் செவிட்டு மாமியார் என்று யோசிப்பார்களோ என்ற பயமும் இருந்தது.

தும்மல் கதை பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. தவில் ஒன்றுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் கேட்கிறது. மாசிமகத் திருவிழாவில் பக்கத்தில் நின்றால் மாரெலும்பில் அடிக்கிறது. நீ சொல்கிற மாதிரி கோயில் அடங்கி, பிள்ளைகள் பாடினால் எனக்கு அது வாய் அசைவதுதான். என் ஒரே பிள்ளை தாலி கட்டும்போது நான் படம் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டுமா?

உன்னை அழ வைத்ததற்கு எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கல்யாணத்தை நிறுத்தாதே. சுமனிடம் என் காதைப் பற்றிச் சொல்லாதே.

லீக்ஸ் நல்ல லீக்ஸ்.

பூரணி


கந்தப்பளை
23.07.2025

என் அத்தைக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றேன். அம்மா, "ஒனக்கு பைத்தியமா?" என்று சத்தம் போட்டு உள்ளே இழுத்தார். நான் எவ்வளவு பெரிய முட்டாள்! பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாலே கண் டாக்டரிடம் அனுப்புகிற டீச்சர் நான். நீங்கள் என் வாயையே பார்த்துப் பார்த்துப் பேசியதை, 'இந்தப் பொம்பளை என்னைப் பல் பிடித்துப் பார்க்கிறாள்' என்று அம்மாவிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

கல்யாணம் நிற்காது. ஆகஸ்ட் முப்பது அப்படியே இருக்கிறது. சுமனிடம், 'சும்மா ஒரு கோபம்' என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சிரித்தார்.

எனக்கு ஒரு யோசனை. நிரோஷனின் கீபோர்டில் ஆக அடியில் உள்ள கட்டைகளை அழுத்தினால் தரையே அதிரும். பெரிய ஸ்பீக்கர் பெட்டியை உங்கள் பக்கத்தில் வைத்து, நீங்கள் அதன் மேல் கை வைத்துக்கொண்டால் பாட்டு உங்கள் கைக்கு வரும். பிள்ளைகளும் பாடலாம், ஃபாதருக்கும் சங்கடம் இல்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குக் கோயிலுக்கு வாருங்கள். சும்மா ஒரு ஒத்திகை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வோம். நான் முகத்துக்கு நேராகத்தான் நிற்பேன். கத்த மாட்டேன்.

இன்று வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். அந்த வாய்களைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அத்தை.

உங்கள் ஜெனிதா


உடப்புசல்லாவை
05.08.2025

மகள் ஜெனிதாவுக்கு,

அன்றைக்கு ஒத்திகையில் உன் முன்னால் சொல்ல முடியவில்லை. நீ அவ்வளவு ஆசையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மறுபடியும் தலையாட்டிவிட்டேன். அது சம்மதம் இல்லை.

அந்தப் பெட்டியில் கை வைத்ததும் கை முழுக்க ஒரு அதிர்வு வந்தது. உன் நிரோஷன் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே அதிர்வுதான். மகளே, அது சல்லடை மெஷின். என் காதைத் தின்ற அதே மெஷின். அந்தப் பலகையில் கை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. என் பிள்ளை தாலி கட்டும்போது நான் பெக்டரிக்குப் போக மாட்டேன்.

உன் பிள்ளைகளைப் பார்த்தேன். முன் பல் விழுந்த அந்தப் பெண் பாட்டு முடிந்த பிறகும் வாயை மூடாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பாடாமல் போகவும் எனக்கு மனம் இல்லை. எனக்கு மேளமும் வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் நாலு நாளாக லயத்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். சமைத்த சோறு இரண்டு தடவை அடிப்பிடித்துவிட்டது.

நீ ஒரு வழி பார். நீ டீச்சர்.

பூரணி


கந்தப்பளை
10.08.2025

அத்தைக்கு,

முதலில் கோபம் வந்தது. பிறகு உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'பெக்டரிக்குப் போக மாட்டேன்' என்ற இடத்தில் அம்மா சேலைத் தலைப்பை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இப்போது தெரியும். என்னால் இதை ஒற்றையாகத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா சொன்னது ஒன்றுதான்: "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே தவில் அடிச்சிருப்பேனே."

நேற்று ஃபாதரிடம் போனேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து, உள்ளே போனதும் எல்லாம் மறந்து, அழுது, கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தாடியைத் தடவினார். பிறகு, "உள்ள மேளம் வேணாம்னுதான் சபை முடிவு. வாசல்ல தாலி கட்டக் கூடாதுன்னு ஒரு முடிவும் இல்லையே" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

ஆக இப்படி: ஜெபமும் வாக்குறுதியும் மோதிரமும் உள்ளே, பீடத்தின் முன்னால். பிறகு எல்லாரும் வாசலுக்கு வருகிறோம். தாலி வாசற்படியில். முத்துலிங்கம் அண்ணனின் செட் வெளியே, முற்றத்தில் படங்கு கட்டி, தவிலில் மழை படாமல். நீங்கள் தவிலுக்குப் பக்கத்தில்.

பிள்ளைகளின் பாட்டை நான் விட்டுவிடுகிறேன். மேளத்தில் அவர்கள் குரல் எழும்பாது. அவர்களை மோதிரம் மாற்றும்போது பாடச் சொல்கிறேன். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. ஆனாலும் இதுதான் சரி.

பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். சுமனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால். அவரிடம் மறைத்து வைத்துக்கொண்டு அவர் முன்னால் கழுத்தை நீட்ட என்னால் முடியாது.

ஜெனிதா


உடப்புசல்லாவை
19.08.2025

மகள் ஜெனிதாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். பிசைந்த சோற்றை வாயில் வைக்கும் முன் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பயந்தபடி இப்போது கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்து எழுதிக் காட்டினான். 'எவ்வளவு நாளா?' எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தான். நான் வாயால் பதில் சொன்னேன். மறுபடியும் எழுதினான். 'ஊர் போனெல்லாம் திருத்துறேன். வீட்டுல இருக்குறத பாக்கல.' பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அவன் அழுதது எனக்கு மடியில்தான் தெரிந்தது.

இனி போனில் எழுதி அனுப்பு, நான் படிக்கிறேன் என்று அவன் சொல்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்து மேலே ஓடி மறைந்துவிடுகிறது. நீ காகிதத்திலேயே எழுது.

இப்போது மேளத்துக்கு வா. பாட்டை நீ விட வேண்டாம். மூன்று முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மனுஷி ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அதுவரைக்கும் மேளம். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் மேளம் டக்கென்று நிற்க, உன் பிள்ளைகள் உள்ளே இருந்து தொடங்கட்டும். நீ கேட்ட அமைதியும் கிடைக்கும், குரலும் கிடைக்கும்.

மேளக்காரனுக்குக் கை காட்டுவது நான். கையைத் தூக்கினால் கெட்டிமேளம், இறக்கினால் நிறுத்தம். முத்துலிங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் அண்ணன் ஆண்டியப்பன், "காது கேக்காதவ கை காட்டி மேளம் அடிக்கிறதா?" என்று சிரித்தான். அவன் வாயை நான் பார்த்துவிட்டேன். கை காட்டக் கண் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று முடிச்சையும் சுமனே போடட்டும். அவசரப்படாமல் போடச் சொல்.

பூரணி


கந்தப்பளை
04.09.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஊருக்குத் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது, வீடு வெறிச்சென்று இருக்கிறது. சுமனுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் மூக்கு ஒழுகுகிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் மழையில் நின்று படங்கு கட்டினாரே, அதுதான்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தவில் தொடங்கியதும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து நின்றீர்கள். பிறகு கண்ணைத் திறந்து சுமனின் கையையே பார்த்தீர்கள். அந்த முகத்துக்காக இன்னும் பத்துப் பாட்டைக்கூட விட்டுக்கொடுப்பேன் என்று அப்போது தோன்றியது.

ஆனாலும் என் குணம் உங்களுக்குத் தெரியும், மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. கேட்டுவிடுகிறேன். மூன்றாவது முடிச்சு விழுந்தது. கழுத்தில் இறுகியது எனக்கே தெரிந்தது. நீங்கள் கையை இறக்கவில்லை. இன்னும் மேலே தூக்கினீர்கள். முத்துலிங்கம் அண்ணன் வெறி பிடித்த மாதிரி அடித்தார். நிரோஷன் முடிச்சைப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தலையசைத்துவிட்டான். அவர்கள் தொடங்கி, மேளத்தில் அமுங்கி, நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார்கள். அந்தப் பல் விழுந்த பிள்ளை அழப் பார்த்தாள். பிறகு நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் நான் கனவு கண்டது அந்தத் தொடக்கத்தைத்தான், அத்தை. மேளம் நின்ற அந்த நொடியை. ஆண்டியப்பன் மாமா, "பூரணிக்கு இப்ப கண்ணும் போச்சு" என்று சொல்லித் திரிகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. முடிச்சு உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லையா? தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கண்ணையும் ஒரு டாக்டரிடம் காட்டுவோம்.

இன்னொன்று. அந்த நேரத்தில் யாரோ பின்னால் இருந்து பன்னீர் தெளித்தார்கள். பிடரி முழுக்க நனைந்துவிட்டது. உங்கள் பக்கத்துச் சொந்தமா என்று தெரியவில்லை. அது உங்கள் ஊர் வழக்கம் என்றால் எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

உங்கள் ஜெனிதா


உடப்புசல்லாவை
12.09.2025

என் மருமகளுக்கு,

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. காது போனவளுக்குக் கண் சும்மா இருக்காது.

முடிச்சை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கையை இறக்கத்தான் போனேன். அப்போது சுமனின் மூக்கு சுருங்கியது. அந்த மூக்கை எனக்கு அவன் பால் குடிக்கிற காலத்திலிருந்து தெரியும். முதலில் மூக்கு சுருங்கும், பிறகு கண் மூடும், பிறகு வாய் திறக்கும். அவன் அப்பாவின் முகம் முன்னால் வந்து நின்றது. கையை இன்னும் உயர்த்தினேன். முத்துலிங்கத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவன் வெளுத்துக் கட்டினான். என் மாரெலும்பு உடைந்துவிடும் போல இருந்தது. அதற்குள்ளே என் பிள்ளை தும்மினான். முழுத் தும்மல். வாயைப் பொத்தக் கை இல்லை, இரண்டு கையும் உன் தாலியில்.

ஊரே கூடி நின்றது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. என் காதிலும் விழவில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். அதன் பிறகுதான் கையை இறக்கினேன்.

உன் பிள்ளைகளின் தொடக்கம் கெட்டுப் போனதற்கு எனக்கு வருத்தம்தான். அந்தப் பல் விழுந்த பெண்ணுக்கு நான் ஒரு கவுன் தைத்துத் தருகிறேன், அளவு எடுத்து அனுப்பு. ஆனால் மறுபடியும் அதே நேரம் வந்தாலும் நான் கையை இறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் மூக்கு ஒழுகியது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதில் யாருக்கு என்ன கெடுதல்? என் கல்யாணத்திலும் யாருக்கோ வெறும் தடிமனாகத்தான் இருந்திருக்கும். நீ எழுதியபோது என்னால் படிக்க முடியவில்லை. இப்போது நானே எழுதுகிறேன். இனி நான் யாருடைய மூக்கையும் பார்க்க மாட்டேன்.

சுமனிடம் கேட்காதே, வெட்கப்படுவான். ஆண்டியப்பனிடம் சொல்லவே சொல்லாதே.

உன் பிடரியில் பட்டது பன்னீர் இல்லை, மகளே. அவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு. இஞ்சியும் தட்டிப் போடு.

அத்தை